திருப்பூட்டு நேரத்தில் திரை நிற்காதிருக்க: மல்டிகாஸ்ட் வலையமைப்பில் சேவைத்தரத்தை உறுதி செய்யும் முறை

செட்டிநாட்டுப் பூர்விக வீடுகளில் நடக்கும் கல்யாணங்களுக்கு வலையமைப்பு அமைத்துத் தருவது என் வேலை. வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். திருப்பூட்டு (தாலி கட்டுதல்) நடப்பது வளவில் (உள்முற்றத்தில்), உறவினர் அமர்ந்திருப்பதோ முகப்பில், பட்டாலையில், பந்தி நடக்கும் இரண்டாம் கட்டில், எதிரே இருக்கும் பங்காளி வீட்டில். இத்தனை இடங்களிலும் ஒரே காட்சி ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். வர இயலாத பெரியவர்கள் கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பேசி வாழ்த்த வேண்டும். இதற்குப் பொருத்தமான வழி மல்டிகாஸ்ட், அதாவது ஒரு முறை அனுப்பியதைப் பலர் பெறும் முறை. அதில் சேவைத்தரத்தை, க்யூஓஎஸ் என்று தொழிலில் சொல்வதை, எப்படி உறுதியாகத் தருவது என்பதை ஒரு வீட்டுக்கு நான் போட்ட கணக்கை வைத்தே இங்கே எழுதுகிறேன். கல்லூரி அரங்கானாலும் தொழிற்சாலையானாலும் எண்கள்தான் மாறும். செய்யும் முறை இதுதான்.

அந்த வீட்டில் பத்துத் திரைகள்: முகப்பில் இரண்டு, பட்டாலையில் ஒன்று, இரண்டாம் கட்டில் மூன்று, எதிர் வீட்டில் நான்கு. வீட்டுக்குள் ஒரு கிகாபிட் இணைப்பு உண்டு. தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போவது மட்டும் மாடியில் வைத்த ரேடியோ பிரிட்ஜ் வழியாக. அதில் நம்பிக்கையாகக் கிடைப்பது நொடிக்கு 20 மெகாபிட். எதிர் வீட்டின் நான்கு திரைகளுக்கும் தனித்தனியாக யூனிகாஸ்ட்டில் படம் அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் 6.4 மெகாபிட் வீதம் 25.6 மெகாபிட் வேண்டும், பிரிட்ஜ் தாங்காது. மல்டிகாஸ்ட்டில் அனுப்பினால் தெருவைக் கடப்பது ஒரே பிரதி, 6.4 மெகாபிட். அந்தப் பக்கம் இருக்கும் ஸ்விட்ச்தான் அதை நான்காகப் பிரிக்கும். ஸ்டீவ் டீரிங் 1989-இல் ஆர்எஃப்சி 1112 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் வரையறுத்துத் தந்த ஏற்பாட்டின் சாரம் இதுதான்: அனுப்புபவர் ஒரு குழு முகவரிக்கு ஒரு முறை அனுப்புவார், வேண்டியவர் அந்தக் குழுவில் சேர்ந்துகொள்வார், பாதை பிரியும் இடத்தில் மட்டுமே பிரதி எடுக்கப்படும்.

முன்னுரிமை வேறு, உறுதி வேறு

பலர் செய்யும் பிழை, வீடியோ பாக்கெட்டுகளுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) உயர்ந்த டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியைப் போட்டுவிட்டு, உறுதி தந்துவிட்டோம் என்று நினைப்பது. குறியிடுவது முன்னுரிமையைத்தான் தரும். முன்னுரிமை பெற்றவர்கள் அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டால் அவர்களுக்குள்ளேயே நெரிசல் உண்டாகும். உறுதி என்றால் ஓர் இணைப்பில் எவ்வளவு ஏற்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு மேல் வருவதை ஏற்க மறுப்பது. ஏற்புக் கட்டுப்பாடு என்று இதைச் சொல்லலாம்.

மல்டிகாஸ்ட்டில் இது இன்னும் நுட்பமானது. யூனிகாஸ்ட்டில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஒரே பாதை. அதைக் கணக்கிட்டால் போதும். மல்டிகாஸ்ட்டில் பாதை மரம்போலக் கிளைக்கிறது, யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் அதில் புதிய கிளை விடலாம். அனுப்புபவருக்கு அது தெரியவே தெரியாது. புதிய கிளையில் போகும் பிரதியும் அதே உயர்ந்த குறியைச் சுமந்துகொண்டு போவதால், அந்த இணைப்பில் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்த வேறொரு ஓடையின் (தொடர்ந்து பாயும் படம் அல்லது குரலின்) உறுதியை அது உடைத்துவிடும். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3754 இந்தச் சிக்கலைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. அது காட்டும் வழி, ஒதுக்கீடு செய்யப்படாத புதிய கிளையில் போகும் பிரதிகளின் குறியை, ஒதுக்கீடு ஆகும்வரை தாழ்த்தி எழுத வேண்டும் என்பது. ஆகவே கணக்கை மூலத்தில் மட்டும் போடக் கூடாது; பிரதி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், அதிலிருந்து கிளம்பும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

முதல் வேலை: காகிதத்தில் மரம் வரைவது

வீட்டின் படத்தை வரைந்து, கேமரா இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு திரைக்கும் போகும் பாதையைக் கோடாக இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த இணைப்பின் உண்மையான கொள்ளளவை எழுதுங்கள். கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை எழுத வேண்டாம், அளந்து பார்த்த எண்ணை எழுதுங்கள். பிறகு ஓடைகளின் எடையைத் தலைப்புகளையும் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரி முதலிய தகவல்களையும்) சேர்த்துக் கணக்கிடுங்கள். 6 மெகாபிட் படத்தில் ஒரு பாக்கெட்டுக்குள் 1,316 பைட் படத்தரவு இருக்கும். ஆர்டிபி, யுடிபி, ஐபி தலைப்புகளுக்கு 40 பைட், ஈதர்நெட்டுக்கு இடைவெளி உட்பட 38 பைட் சேர்ந்து 1,394 ஆகிறது. ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல், அதனால் 6.4. குரலில் இந்தச் சுமை பெரியது. ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் 64 கிலோபிட் குரலை 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட்டாக அனுப்பினால் உள்ளே 160 பைட், வெளியே 78 பைட். கம்பியில் போவது 95 கிலோபிட்டுக்கு மேல். குரல் ஒன்றுக்கு 0.1 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் திரைகளுக்கும் ஒரே தரம் தர வேண்டியதில்லை. பலவீனமான கிளையில் இருக்கும் ஒருவருக்காக ஊர் முழுவதற்கும் படத்தைத் தாழ்த்துவது நியாயமும் அன்று. குரலுக்கு ஒரு குழு, 1.2 மெகாபிட் சிறு படத்துக்கு ஒரு குழு, 6 மெகாபிட் பெரிய படத்துக்கு ஒரு குழு என மூன்று குழுக்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொரு திரையும் தன் கிளை தாங்கும் குழுவில் சேர்ந்துகொள்ளலாம். பெறுபவரே தன் அளவைத் தீர்மானிக்கும் அடுக்கு முறை 1996-இலேயே ஆய்வாக வந்துவிட்டது. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் படமாக்கும் வசதி சாதாரண டிவி பெட்டிகளில் அரிது என்பதால், இரண்டு தரங்களைத் தனித்தனி ஓடையாக அனுப்புவதே நடைமுறைக்கு ஏற்றது.

குழு முகவரியைத் தேர்வதில் ஒரு கவனம் வேண்டும். தனியார் பயன்பாட்டுக்கு 239 எனத் தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் 239.0.0 என்றும் 239.128.0 என்றும் தொடங்குவனவற்றைத் தொடாதீர்கள். குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே ஈதர்நெட் முகவரிக்குப் போகின்றன. அதனால் 32 குழு முகவரிகள் ஒரே ஈதர்நெட் முகவரியில் வந்து விழும். மேற்சொன்ன இரண்டும் 224.0.0 தொடருடன் மோதும். அந்தத் தொடர் வலையமைப்பின் சொந்த வேலைக்கானது, ஸ்விட்ச்கள் அதை எல்லாத் துறைமுகங்களுக்கும் (கம்பி செருகும் போர்ட்டுகளுக்கும்) அனுப்பிவிடும். அதேபோல் 239.10.1.1 ஒரு ஓடைக்கும் 239.138.1.1 இன்னொன்றுக்கும் கொடுத்தால், ஈதர்நெட் முகவரியைப் பார்த்துப் பிரிக்கும் ஸ்விட்சுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். 239.10.1.1, 239.10.1.2, 239.10.1.3 என அடுத்தடுத்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. பாதையில் ரவுட்டர் இருந்தால், பாக்கெட் எவ்வளவு தூரம் தாண்டிப் போகலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணையும் பாருங்கள். மல்டிகாஸ்ட்டுக்கு அதன் இயல்பு மதிப்பு 1, முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் மடிந்துவிடும்.

நான்கு நிமிடம் இருபது நொடி

இந்தப் பகுதியை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில், ஸ்விட்ச்களில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டு, படம் அழகாக வருகிறது என்ற நிறைவோடு இரண்டாம் கட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மூன்று திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்தன. முன்வரிசையில் இருந்த ஆச்சி ஒருவர் திரும்பி, "தம்பி, படம் அப்படியே நிக்குதப்பா, திருப்பூட்டப் போறாக" என்றார். பெட்டிகளை அணைத்துப் போட்டதும் படம் வந்தது. அவர் முகம் தெளிந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம் இருபது நொடி. மீண்டும் அதே நான்கு நிமிடம் இருபது நொடி. அந்த எண்ணைக் கண்டதும்தான் காரணம் விளங்கியது.

ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச், எந்தத் துறைமுகத்தில் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். திரை குழுவில் சேரும்போது ஒரு முறை சொல்லும், ஸ்விட்ச் எழுதிக்கொள்ளும். பிறகு 125 நொடிக்கு ஒரு முறை க்வெரியர் என்ற கருவி "இன்னும் யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும், திரைகள் 10 நொடிக்குள் பதில் சொல்லும், அந்தப் பதிலைக் கேட்டு ஸ்விட்ச் பட்டியலைப் புதுப்பிக்கும். இரண்டு சுற்றுக் கேள்விக்கும் ஒரு பதில் நேரத்துக்கும் பிறகு, 125 இரு முறை, அத்துடன் 10, ஆக 260 நொடியில், பதில் வராத பதிவு அழிக்கப்படும். பெரிய வலையமைப்பில் ரவுட்டரே க்வெரியராக இருக்கும். அந்த வீட்டிலோ மல்டிகாஸ்ட் ரவுட்டர் கிடையாது. நானும் எந்த ஸ்விட்ச்சையும் க்வெரியராக அமைக்கவில்லை. கேட்பார் இல்லாததால் பதில் சொல்வாரும் இல்லை. 260 நொடியில் பட்டியல் காலியாகிப் படம் நின்றது.

எனவே ஸ்னூப்பிங்கை இயக்கும் அதே நேரத்தில், மையத்தில் உள்ள ஒரு ஸ்விட்ச்சை க்வெரியராக்கி, அதற்கு ஓர் ஐபி முகவரியும் கொடுங்கள். அதற்கு மாற்றாக இன்னொன்றையும் வைத்தால் நல்லது. இரண்டு இருந்தாலும் தாழ்ந்த முகவரி உடையது மட்டுமே கேட்கும், மோதல் வராது. சோதனையை ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள். நான் அன்று மூன்று நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தேன். ஸ்னூப்பிங்கையே அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஓடை எல்லாத் துறைமுகங்களிலும் பாயும், எதிர் வீட்டுப் பிரிட்ஜ் யாரும் கேட்காத ஓடைகளாலும் நிரம்பும், மேலே போட்ட கணக்கு ஒன்றுமே நில்லாது.

ஒதுக்கீடு: எவ்வளவு, யாருக்கு

இந்த வீட்டின் மெலிந்த கிளை பிரிட்ஜ்தான். அதன் 20 மெகாபிட்டில் 12-ஐ ஓடைகளுக்கு ஒதுக்கி, மீதி 8-ஐ விருந்தினரின் இணையத்துக்கும் மற்றவற்றுக்கும் விட்டேன். 12-க்குள் குரலுக்கு 1, படத்துக்கு 11. குரலுக்கு ஈஎஃப் குறி, எண் 46. உரையாடல் படத்துக்கு ஏஎஃப்41, எண் 34. ஒருவழியாகப் பரப்பும் படத்துக்குச் சிஎஸ்3, எண் 24. இவை 2006-இன் ஆர்எஃப்சி 4594 வகுத்த வழக்கம். குறி எண்ணைவிட, ஒவ்வொரு வரிசைக்கும் உச்சவரம்பு இருக்கிறதா என்பதே முக்கியம். குரல் வரிசைக்கு முழு முன்னுரிமை கொடுங்கள், கூடவே 1 மெகாபிட் என்ற வரம்பையும் போடுங்கள். வரம்பில்லாத முன்னுரிமை மற்ற வரிசைகளைப் பட்டினி போட்டுவிடும்.

முன்னுரிமை எவ்வளவு உதவுகிறது என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். வீடியோவில் சில நொடிகளுக்கு ஒரு முறை முழுப் படச் சட்டகம் ஒன்று வரும். அது 150 கிலோபைட் இருப்பதாகக் கொள்வோம், அதாவது 1.2 மெகாபிட். 20 மெகாபிட் பிரிட்ஜில் இது முழுவதும் குரலுக்கு முன்னால் வரிசையில் நின்றுவிட்டால் குரல் பாக்கெட் 60 மில்லிவினாடி காத்திருக்கும். குரலுக்கு முன்னுரிமை இருந்தால், கம்பியில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரே ஒரு 1,500 பைட் பாக்கெட் போய் முடியும் வரை காத்திருந்தால் போதும்; அது 0.6 மில்லிவினாடி.

படத்துக்கு ஒதுக்கும் அளவிலும் இதே சட்டகம் குறுக்கே வரும். சராசரி 6.4 மெகாபிட்தானே என்று அதை மட்டும் ஒதுக்கினால், 1.2 மெகாபிட் திரள் கடந்து போக ஏறத்தாழ 190 மில்லிவினாடி ஆகும். 11 ஒதுக்கினால் 110. திரளின் அளவை ஒதுக்கிய வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் தாமதத்தின் மேல் எல்லை. 1997-இல் ஆர்எஃப்சி 2212 வரையறுத்த உறுதிச் சேவையின் அடிப்படையும் இந்த வகுத்தலே. சராசரிக்கு மேல் ஒதுக்கும் ஒவ்வொரு மெகாபிட்டும் தாமதத்தைக் குறைக்க நாம் தரும் விலை என்று அதை எண்ணிக்கொள்ள வேண்டும். ஒருவழிப் படத்துக்குத் திரைகளில் அரை நொடிப் படத்தை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடையகம் வைத்திருப்பதால் 110 மில்லிவினாடி பொருட்டல்ல. இருவழி உரையாடலுக்கு அது பொருட்டு. அதற்கு முழுச் சட்டகத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அனுப்பும் என்கோடர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

வலையமைப்பே ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆர்எஸ்விபி என்ற நெறிமுறை 1997-இல் வந்தது. அதன் அழகு, கோரிக்கை பெறுபவரிடமிருந்து கிளம்புவது. திரை தனக்கு வேண்டியதைக் கேட்கும். அந்தக் கோரிக்கை மரத்தின் வழியே மேலே ஏறும். கிளைகள் சேரும் இடத்தில் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாக இணையும். மேலே ஏற்கெனவே ஒதுக்கீடு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆயிரம் பேர் கேட்டாலும் அனுப்புபவரிடம் வந்து குவியாது. குழுப் பேச்சுக்கு அது தரும் இன்னொரு வசதியும் மிக நல்லது: பல பேச்சாளர்கள் ஒரே ஒதுக்கீட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். வளவு, முகப்பு, எதிர் வீடு, கோலாலம்பூர், சென்னை என ஐந்து இடங்களில் ஒலிவாங்கி இருந்தாலும் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் பேசினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஐவருக்கு ஒதுக்க வேண்டியதில்லை, இருவருக்கு ஒதுக்கினால் போதும். மூன்றாமவரின் ஒலியை மிக்சரிலேயே நிறுத்திவிடலாம். நாம் வாங்கும் சாதாரண ஸ்விட்ச்களில் ஆர்எஸ்விபி இருக்காது என்பதால், அது செய்யும் வேலையைக் காகிதத்தில் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

கல்யாணத்தன்று காலையில் எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, சமையல்கட்டுக் கேமராவையும் தங்கள் திரையில் பெரிய படமாகப் போடச் சொன்னார். காகிதத்தைப் பார்த்தேன். பெரிய படம் 6.4, சிறு படம் 1.3, ஆக 7.7, படத்துக்கான 11-இல் மீதி 3.3 மட்டும். இன்னொரு 6.4 நுழையாது. சிறு படமாகத் தருகிறேன் என்று சொல்லி 1.3-இல் கொடுத்தேன். வாயால் மறுத்தால் மட்டும் போதாது, கருவியும் மறுக்க வேண்டும்: பிரிட்ஜுக்குப் போகும் துறைமுகத்தில் எந்தெந்தக் குழுக்கள் கடக்கலாம் என்ற ஐஜிஎம்பி வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். பட்டியலில் இல்லாத குழுவை எந்தப் பெட்டி கேட்டாலும் ஓடை தெருவைக் கடக்காது.

ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். விலகுகிறேன் என்று திரை சொன்ன பிறகும், வேறு யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு நொடி இடைவெளியில் இரு முறை கேட்டுவிட்டுத்தான் ஓடை நிறுத்தப்படும். அந்த இரண்டு நொடியும் பழைய ஓடையும் புதிய ஓடையும் சேர்ந்தே பாயும். உடனே நிறுத்தும் வசதி பல ஸ்விட்ச்களில் உண்டு. ஒரே ஒரு திரை உள்ள துறைமுகத்தில் அதை இயக்கலாம். பிரிட்ஜ் துறைமுகத்தில் இயக்கவே கூடாது. நான்கில் ஒரு திரை விலகினால் மற்ற மூன்றும் இருண்டுவிடக்கூடும்.

காற்றில் போகும் மல்டிகாஸ்ட்

வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்குப் பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் கிடையாது, தொலைந்தால் மறு அனுப்பலும் கிடையாது. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக மிகத் தாழ்ந்த அடிப்படை வேகத்தில் அனுப்பப்படும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 மெகாபிட்டாகவும் 5 கிகாஹெர்ட்ஸில் 6 மெகாபிட்டாகவும் இருப்பது வழக்கம். நம் 6.4 மெகாபிட் படத்துக்கு ஒட்டுமொத்தக் காற்றுவெளியும் போதாது. போதாக்குறைக்கு, யாராவது ஒருவரின் கைபேசி மின்சேமிப்பு நிலையில் இருந்தால், மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை வைஃபை அணுக்கப்புள்ளி சேர்த்து வைத்து டிடிஐஎம் நேரத்தில்தான், அதாவது தன் அறிவிப்புச் சமிக்ஞைகளில் சிலவற்றுக்கு ஒரு முறைதான், வெளியிடும். அந்த எண் 3 என்றால் 300 மில்லிவினாடி வரை தாமதம்.

ஆகவே திரைகளுக்குக் கம்பியே போடுங்கள். கைபேசிகளுக்கு வேண்டுமென்றால் அணுக்கப்புள்ளியில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றும் வசதியை இயக்கி, எத்தனை பேருக்கு என்ற வரம்பையும் வையுங்கள். ரேடியோ பிரிட்ஜிலும் இந்த மாற்றத்தை இயக்க வேண்டும். அங்கே மறுமுனை ஒன்றே ஒன்று என்பதால் பிரதி பெருகாது, ஒப்புதலும் முழு வேகமும் கிடைக்கும்.

செட்டிநாட்டு வீட்டில் கம்பி போடுவதற்கென்று ஒரு வேண்டுகோள் உண்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரிலும் பர்மாத் தேக்கு நிலைகளிலும் துளை போடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையைக் கிளப்பாதீர்கள். அந்தப் பூச்சைப் பழையபடி செய்து தரும் கைகள் இன்று குறைவு. மாடியில் ஏறி, முற்றத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே கம்பியைக் கொண்டுபோகலாம். கட்டுக்குக் கட்டு ஃபைபர் போடுவது நல்லது. முன்கட்டு மின்வாரிய இணைப்பிலும் பின்கட்டு ஜெனரேட்டரிலும் ஓடும்போது இரண்டு நிலமின்னழுத்தமும் ஒன்றாக இராது. இடி மழைக் காலமும் இருக்கிறது. ஃபைபர் இரண்டையும் கடத்தாது.

தொலைந்ததை மீட்பது

ஒவ்வொரு திரையும் நூற்றில் ஒரு பாக்கெட்டை மட்டுமே, மற்றவற்றைச் சாராமல், தொலைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் திரைகளில் ஏதேனும் ஒன்றாவது தொலைத்த பாக்கெட்டுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 10. ஐம்பது திரைகள் என்றால் 39. ஒவ்வொருவரும் தொலைந்ததைக் கேட்டு வாங்கத் தொடங்கினால் மூலத்துக்கு வரும் கோரிக்கை வெள்ளமாகும். மல்டிகாஸ்ட்டில் முன்கூட்டியே மாற்றுப் பாக்கெட் அனுப்பும் எஃப்இசி முறை இதனால்தான் பொருந்துகிறது. பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு மாற்று அனுப்பினால், ஒரு திரை மூன்றாவதையும் இன்னொரு திரை எட்டாவதையும் தொலைத்திருந்தாலும் அந்த ஒரே மாற்றுப் பாக்கெட் இருவருக்கும் உதவும். இது சுமையை 10 சதவீதம் கூட்டும்: 6.4 என்பது 7 ஆகும், சிறு படம் 1.4 ஆகும். காகிதத்தில் இதைத் திருத்தி எழுதிய பிறகே இயக்குங்கள். வரிசை நிரம்பி வழிவதால் உண்டாகும் இழப்புக்கு எஃப்இசி மருந்தாகாது, சுமையைக் கூட்டி நோயைப் பெருக்கும்.

வாசலுக்கு வெளியே

பொது இணையம் மல்டிகாஸ்ட்டை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவதில்லை. நாம் இடும் டிஎஸ்சிபி குறியையும் வெளியே மதிப்பார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் வீட்டிலிருந்து ஒரே ஒரு யூனிகாஸ்ட் ஓடையை ஒரு ரிலே சர்வருக்கு அனுப்பி, அது அங்கிருந்து பிரதி எடுத்துத் தருமாறு அமையுங்கள். வீட்டுக்காரரிடம் இதை முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: வீட்டுக்குள்ளும் எதிர் வீட்டிலும் நான் உறுதி தருகிறேன், வெளியூருக்கு முயற்சியைத் தருகிறேன்.

முயற்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐடியு-டி என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை. ஓபஸ் தன் 20 மில்லிவினாடிச் சட்டகத்தோடு 26.5 எடுத்துக்கொள்ளும். ஜிட்டர் (பாக்கெட் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) இடையகத்துக்கு 40 வையுங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி வீதம் குறைந்தது 13 மில்லிவினாடி, கடலடிக் கேபிளின் வளைவுகளால் அதற்கு மேலும் ஆகும். இவை போக மீதி ஏறத்தாழ 70-தான் வழியில் உள்ள எல்லா வரிசைகளுக்கும் ரிலேவுக்கும். நம் கையில் இருக்கும் ஒரே வரிசை, வீட்டிலிருந்து இணையத்துக்கு வெளியேறும் மேல்முக இணைப்பு. அதன் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நம் ரவுட்டரிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, குரலை முதலில் விடுங்கள். விருந்தினர் கைபேசியிலிருந்து படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் வாழ்த்தும் குரல் அறுபடாமல் கேட்பது இந்த ஓர் அமைப்பால்தான்.

திரையின் ஒலி நேரடி ஒலியைவிட அரை நொடி பின்னால் வரும் என்பதால், நாதஸ்வரம் நேரில் கேட்கும் தூரத்தில் உள்ள திரைகளின் ஒலியை அணைத்துவிடுங்கள். மற்ற எல்லாத் திரைகளிலும் ஒரே இடையக அளவை வையுங்கள். இல்லையென்றால் பட்டாலையில் ஒரு முறையும் முகப்பில் ஒரு முறையும் கெட்டிமேளம் கேட்கும்.

முந்தின இரவு

எல்லாவற்றையும் இணைத்த பிறகு, சோதனை ஓட்டத்தை வேண்டுமென்றே நெருக்கடியில் நடத்துங்கள். வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளின் இரண்டாம் பதிப்பில் மல்டிகாஸ்ட் சோதனை உண்டு, மூன்றாம் பதிப்பில் இல்லை. பத்துத் திரைகளையும் ஓட விட்டு, பிரிட்ஜ் வழியாக 20 மெகாபிட்டுக்கு மேல் சாதாரணத் தரவைத் தள்ளுங்கள். படமும் குரலும் அசையாமல் இருந்து, சாதாரணத் தரவு மட்டும் தேங்க வேண்டும். படம் கலைந்தால் வரம்புகள் எங்கோ பதியவில்லை. ஒவ்வொரு திரைக்கும் இழப்பும் ஜிட்டரும் எவ்வளவு என்பதைத் திரைகள் திருப்பி அனுப்பும் ஆர்டிசிபி அறிக்கையில் தனித்தனியாகப் படியுங்கள். சராசரியைப் படித்தால் எதிர் வீட்டு நான்காவது திரையின் துன்பம் தெரியாது. இதைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், 260 நொடியை இரு முறை தாண்டட்டும். பிறகு மின்சாரத்தை அணைத்துப் போட்டு, ஸ்விட்ச்களும் க்வெரியரும் பிரிட்ஜும் யார் கையும் படாமல் தாமே எழுந்து படம் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

காலையில் நல்ல நேரம் தொடங்கிய பின் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். வரிசைகளில் கைவிடப்பட்ட பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். குரல் வரிசையிலும் பட வரிசையிலும் அது பூஜ்யமாகவே நிற்க வேண்டும். மர வரைபடம் எழுதிய காகிதத்தை ஸ்விட்ச் இருக்கும் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வந்தால், அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டுக்கு வேலைக்கு வருபவர் எந்தக் கிளையில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கதவைத் திறந்ததுமே தெரிந்துகொள்வார்.